என் எடையை எடுத்துக்கொண்டது யார்?

"அம்மா, அந்தத் தொப்ப எங்க போச்சு?"

என் நான்கு வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. வேங்கிக்காலில் அம்மா வீட்டுக் கூடத்தில் என் வளைகாப்புப் படம் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் கேட்டாள். "உள்ள நீ இருந்தடா, அப்பறம் வெளிய வந்துட்ட" என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. பக்கத்திலேயே அவளுடைய முதல் பிறந்தநாள் படமும் இருக்கிறது. அதில் அவள் என் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வளைகாப்புப் படத்தில் இருப்பதைவிடப் பெருத்துத் தெரிகிறேன். "இங்க நான் வெளிய இருக்கேனே. அப்ப உள்ள யாரு?" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. நடந்து கரைத்தேன் என்று நான் சொன்ன பதிலை மட்டும் யாரும் ஏற்கவில்லை. ஒரு மாதமாக அதை நானே சந்தேகப்படத் தொடங்கியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் ஸ்வீடனில், ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிறோம். என் கணவர் சிவாவுக்கு அங்கே மென்பொருள் வேலை. கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே நான் தினமும் சந்திக்கும் சிறிய விநோதம் ஒன்று உண்டு. விடிந்ததும் கிரிவலப் பாதையில் நடக்கப் போகிறேன். எதிரில் வருகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதத்தைப் பார்க்கிறார்கள். முதல் நாள் ஷூ போட்டுப் போனேன். மலையைச் சுற்றுகிறவள் செருப்பு போடலாமா என்று ஒரு பெரியவர் நின்று முறைத்தார். மறுநாள் முதல் வெறுங்காலோடு போனேன். அப்போது வேறு கேள்வி வந்தது. செங்கம் சாலையில், ரமணாசிரமம் தாண்டி டீக்கடை வைத்திருக்கும் அக்கா, கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இன்னாம்மா வேண்டுதலு?"

"வேண்டுதல்லாம் இல்லக்கா. சும்மா நடக்கறேன்."

"சும்மாவா? சும்மா யாருனா மலைய சுத்துவாங்களா? சொல்லக்கூடாதுன்னா சொல்லாத, உடு."

அதே நேரத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஷூவும் அரைக்கால் சட்டையுமாக எங்களைக் கடந்து ஓடினாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "அதுங்க அப்டித்தான்" என்றார் அக்கா.

ஸ்வீடனில் கதை வேறு. முதல் தடவை எங்கள் ஊர்க் காட்டுக்குள் தனியாக நடந்தபோது, நாயோடு வந்த வயதான பெண்மணி என்னை நிறுத்தி, "வழி தெரியவில்லையா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். என் ஸ்வீடிஷ் அவருக்குப் போதவில்லையோ, என் முகத்தில் ஏதாவது தெரிந்ததோ, அவர் பேசாமல் என் கூடவே திரும்பி, எங்கள் குடியிருப்பு வாசல் வரை வந்து விட்டுவிட்டுப் போனார். இப்படித்தான் பிர்கித்தா எனக்குப் பழக்கமானார். காரணமில்லாமல் நடக்கிறவளை அந்த ஊரில் வழி தவறியவள் என்று நினைத்தார்கள், என் ஊரில் வேண்டுதல்காரி என்கிறார்கள்.

வேண்டுதல் ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது என்னுடையது அல்ல. இரண்டு முறை கரு கலைந்தபின் மூன்றாவதாக இவள் தரித்தாள். அப்போது அம்மா கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வம் அம்மனிடம் வேண்டிக்கொண்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தால், பெற்றவளின் எடைக்கு எடை வெல்லம் தருவதாக வேண்டுதல். துலாபாரம் என்பார்கள். தராசின் ஒரு தட்டில் நான் உட்கார வேண்டும், மறுதட்டில் வெல்லம் வைப்பார்கள். "உன் எடை இப்ப என்னாடி?" என்று அம்மா போனில் கேட்டபோது, ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொன்னேன். ஏழாம் மாத எடை. அதை அம்மா மனதில் எழுதி வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

பிரசவத்துக்கு அம்மாவால் வர முடியவில்லை. அப்பா படுக்கையில் இருந்தார். ஆனால் அம்மாவின் கை கடல் தாண்டியும் என் வீட்டுக்குள் வந்தது. பூண்டு லேகியம் பார்சலில் வந்தது. வீடியோவில் என் தட்டைக் காட்டச் சொல்வார். "நெய் கம்மியா இருக்கு, இன்னும் ஊத்து. பால் கொடுக்கறவ நீ." ஊற்றினேன். சொன்ன பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் நான். எம்.எஸ்சி. படித்தவள்தான், ஆனாலும் குழந்தை அழுதால் என் பாலில்தான் குறை என்று நினைத்தேன். வெளியே பனி. மூன்று மணிக்கு இருட்டிவிடும். ஜன்னலை மூடி, திரையை இழுத்து, குழந்தையைக் காற்றுபடாமல் போர்த்தி வைத்து, நானும் அதே அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சிவா அலுவலகத்திலிருந்து வரும்வரை என்னோடு பேச வேறு யாரும் இல்லை.

குழந்தைகள் நல மையத்துச் செவிலி ஒருநாள் கேட்டார்: "தினமும் வெளியே போகிறீர்களா?" என்மேல் ஏதோ குற்றம் சொல்கிறார் என்று பதறிவிட்டேன். "இல்லை, இல்லை. குளிரில் குழந்தையை ஒருநாள்கூட வெளியே எடுத்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் கைகாட்டினார். மையத்து வாசலில், உறைபனியில், குழந்தை வண்டிகள் நின்றிருந்தன. பார்ன்வாங்ன் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை மூக்கு நுனி சிவக்கத் தூங்கிக்கொண்டிருந்தது. தாய்மார்கள் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஜலதோஷம் பிடிக்காதா, இல்லை இவர்களுக்கு மனசே கிடையாதா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். மறுநாள் நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். குழந்தை அன்று தூங்கிய தூக்கத்தைப் பிறந்ததிலிருந்து தூங்கியதில்லை. எனக்கு மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது. ஆனாலும் அன்று மாலை நான் அழவில்லை என்பதை இரவு சமையல் முடிந்த பிறகுதான் கவனித்தேன்.

அப்படித்தான் தொடங்கியது. எடை குறைக்க வேண்டும் என்று நான் கிளம்பவே இல்லை. கட்டடத்தைச் சுற்றுவது ஏரிக்கரை வரை போவதானது. பிறகு காட்டுப் பாதை. அங்கே எல்யூஸ்போர் என்று ஒன்று உண்டு. காட்டுக்குள் விளக்குக் கம்பங்கள் நட்ட நடைபாதை. சாயங்காலம் மூன்று மணி இருட்டிலும் அந்த வெளிச்சத்தில் ஆட்கள் ஓடுவார்கள், பனிச்சறுக்குக் கட்டையோடு போவார்கள். எனக்கு வழுக்கி விழுவதுதான் பயம். சிவாதான் ப்ரோத்தார் வாங்கி வந்தார், ஷூவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் இரும்பு முட்கள். மண்டி போட்டு என் காலில் அவரே மாட்டிவிட்டார். "இனிமே நீ பனி மேல கூட பரதநாட்டியம் ஆடலாம்" என்றார். இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும். அந்த நாளில் அவர் என் பக்கம்தான் இருந்தார்.

என் உடம்பு சட்டென்று இளைக்கவில்லை. முதல் குளிர்காலம் முழுக்க நடந்தும் ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாவது வசந்தத்தில் மோதிரம் விரலில் சுழன்றது. பிறகு ரவிக்கைக்குள் பிடித்திருந்த தையலைப் பிரிப்பதற்குப் பதில் இன்னொரு தையல் போட்டேன். பிர்கித்தாவும் நானும் ஞாயிறு காலைகளில் ஏரியைச் சுற்றத் தொடங்கியிருந்தோம். எங்களுக்குள் பேச்சு குறைவு. அவர் மெதுவாக ஸ்வீடிஷில் ஒரு மரத்தின் பெயரைச் சொல்வார், நான் திருப்பிச் சொல்வேன். மூன்றாவது வசந்தத்தில் ஒருநாள், ஏரிக்கு இறங்கும் சரிவில் நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, நான் அதைப் பிடிக்க ஓடினேன். கீழே போனதும் நாயைப் பிடித்தேன். ஆனால் நிற்க மனம் வரவில்லை. நாயோடு சேர்ந்து கரையோரம் ஓடிக்கொண்டே இருந்தேன். உருகும் பனியின் வாசம், ஈர மண், பைன் மர வாடை. நுரையீரல் முழுக்கக் காற்று. பள்ளியில் விளையாட்டு விழா என்றால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்தவள் நான். என் உடம்பு எனக்கு இப்படி ஒரு சந்தோஷத்தைத் தரும் என்று முப்பது வயதுவரை யாரும் சொல்லவில்லையே என்று அன்று கோபம்கூட வந்தது. செப்டம்பரில் அந்தக் காட்டில் நடக்கும் ஓட்டத்துக்கு இந்த வருடம் நானும் பிர்கித்தாவும் பெயர் கொடுத்தோம். வயதில் அவர் என் அம்மாவைவிட மூத்தவர். இரண்டு பேரும் கடைசியாக வருவோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டோம்.

வீடியோவில் அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து முகம் வாடினார். "எளச்சிட்டே வர்றியேடி." "நடக்கறேம்மா. நல்லா இருக்கேன்." "சரி, சரி." பிறகு அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார். சிவாவுக்குத் தனியாகப் போன் செய்யத் தொடங்கினார். மாமியாரும் மருமகனும் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிறார்களே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். கதவை மூடுவார். குளிருக்காக மூடுகிறார் என்று நினைத்தேன்.

வேண்டுதல் தள்ளிப்போனதற்குக் காரணம் இருந்தது. குழந்தை பிறந்த மறுவருடம் அப்பா தவறிவிட்டார். காரியத்துக்கு வந்தேன், ஆனால் துக்க வருடத்தில் கோயில் காரியம் செய்யக்கூடாது என்றார்கள். அதன்பின் டிக்கெட்டும் விடுமுறையும் கூடிவரவில்லை. இந்தக் கோடையில்தான் மூவரும் வந்தோம். வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மா என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதார். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த சரோஜா சித்தி, அம்மாவின் தங்கை, என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி இது, கோழிக்காலாட்டம் கீது. அந்த ஊர்ல அரிசி கெடைக்காதா?"

"கெடைக்கும் சித்தி. நான் ஓடறேன், நடக்கறேன். அதனாலதான்."

"ஓடறியா? யாரு தொரத்தறாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவாவும் சிரித்தார். நானும்தான்.

அன்றிலிருந்து என் தட்டு காலியாகவே இல்லை. பாலில் ஏதோ கலந்து வந்தது. மதியம் ஒரு தூக்கம் கட்டாயம். ஆனாலும் விடிகாலையில் நான் எழுந்துவிடுவேன். ஆனி மாதக் காற்றில், வெயில் ஏறுமுன், ஈசான்ய லிங்கத்திலிருந்து கிளம்பி ஊரைத் தாண்டி, செங்கம் சாலை வழியாக மலையைச் சுற்றி வருவேன். சின்ன வயதில் பௌர்ணமிக்குக் குடும்பத்தோடு சுற்றும்போது, பாதியில் மூச்சு வாங்கி, அப்பா என்னை ஆட்டோவில் ஏற்றிவிடுவார். அதே பாதையை இப்போது என் காலாலேயே முடிக்கிறேன். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு உருவம் காட்டுகிறது. ஆட்டோ ஜன்னல் வழியாக நான் அதையெல்லாம் பார்த்ததே இல்லை. இதை அம்மாவிடம் ஆசையாகச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே முறுக்கு மாவு பிசைந்தார். "வேண்டுதல் முடியட்டும். அதுக்கப்பறம் எதுனா பண்ணு" என்றார்.

வேண்டுதல் நாள் வந்தது. அம்மன் கோயில் வேப்பமரத்தின் அருகே இரும்புத் தூண்களில் பெரிய தராசு தொங்குகிறது. நான் ஒரு தட்டில் கால் மடக்கி உட்கார்ந்தேன். சங்கிலியைப் பிடித்துக்கொண்டேன். மறுதட்டில் பூசாரி மண்டை வெல்லத்தை அடுக்கினார். சாக்கு சாக்காக வந்திருந்தது. சிவா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என் தட்டு மெல்ல மேலே எழும்பி, ஆடி, நின்றது. இன்னும் பிரிக்காத சாக்கு கீழே கிடந்தது.

"நின்னுடுச்சும்மா" என்றார் பூசாரி. "மீதிய எடுத்துட்டுப் போயி பொங்க வைங்க."

"இல்ல சாமி. பேசினது இது இல்ல. பேசினது மொத்தமும்" என்றார் அம்மா.

"தட்டு சமமா நிக்குது. இதுக்கு மேல வெச்சா பொண்ணு வானத்துக்குத்தான் போவும்."

அம்மா சுற்றிலும் பார்த்தார். வெல்லத்தில் மொய்த்த ஈயை விரட்டிக்கொண்டு நின்ற என் மகள்மீது அவர் கண் விழுந்தது. "பாப்பாவ அவ மடியில குந்த வைங்க" என்றார். சித்தி அவளைத் தூக்கி என் மடியில் வைத்தார். தட்டு இறங்கியது. மீதி வெல்லத்தை வைத்தார்கள். கடைசி உருண்டையும் ஏறியபோது இரண்டு தட்டும் ஒன்றுக்கொன்று நேராக நின்றன. மகள், "ஊஞ்சல், ஊஞ்சல்" என்று கைதட்டினாள். நான் குறைத்தது இவள் அளவா என்று எனக்கு வியப்பாக இருந்தது. ஒரு முழுப் பிள்ளையின் பாரத்தை, மூன்று குளிர்காலங்களில், ஒவ்வொரு அடியாக நடந்து இறக்கியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. சிவாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அப்போதுதான் அம்மா கற்பூரத்தட்டுக்கு முன் இரண்டு கையையும் உயர்த்திச் சொன்னார்.

"ஆத்தா, பேசினது அத்தனையும் குடுத்துட்டேன். தாமசம் பண்ணது எந் தப்பு. கொஞ்சம் கொஞ்சமா எம் பொண்ணு ஒடம்புலருந்து நீயே எடுத்துக்கிட்ட. போதும். இனிமே அவ ஒடம்புல கை வெக்காத."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. இத்தனை நாளும் அம்மா என் முகத்தில் பார்த்தது இதைத்தான். கொடுக்காமல் விட்ட வெல்லத்துக்குப் பதிலாக அம்மன் என் சதையை வசூல் செய்துகொண்டிருந்தாள். நான் காட்டுக்குள் சிரித்துக்கொண்டே நடந்த ஒவ்வொரு வாரமும் என் அம்மா இங்கே பயத்தில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சித்தி அம்மாவின் தோளைப் பிடித்தார். "அழாதக்கா. அதான் தீபம் வரைக்கும் இங்கயே இருக்கப் போறாளே. நீ ஆக்கிப் போட்டு தேத்திட மாட்ட? மாப்ளதான் டிக்கெட்ட எல்லாம் மாத்திட்டாராமே."

தராசுத் தட்டில் உட்கார்ந்திருப்பவளால் சட்டென்று எழ முடியாது. எழுந்தால் மறுதட்டு தடாலென்று தரையில் இடிக்கும். மடியில் குழந்தை வேறு. கால் தரையில் படவில்லை. நான் சிவாவைப் பார்த்தேன். அவர் போனைத் தாழ்த்தினார். அந்தச் சின்ன அசைவிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. கார்த்திகை தீபம் என்றால் இன்னும் எத்தனை மாதம்! செப்டம்பர் ஓட்டம், மகள் போகும் ஃபோர்ஸ்கூலா என்ற மழலையர் பள்ளி, பிர்கித்தா, எல்லாம் என் தலைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. பூசாரிக்குக்கூடத் தெரிந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சிவாவை மொட்டை மாடிக்கு அழைத்துப் போனேன். அம்மா காயவைத்திருந்த வடகத்தின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் பேசினோம்.

"ஏங்க, நான் தீபம் வரைக்கும் இங்க இருக்கப் போறேன்னு உங்களுக்கு எப்பத்திலருந்து தெரியும்?"

"அத்தை அழுதாங்க மஞ்சு. என்னால முடியாதுன்னு சொல்ல முடியல."

"எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னீங்களா?"

"அப்டி சொல்லல. முன்ன மாதிரி சாப்டறதில்லன்னுதான் சொன்னேன்."

"நான் நடந்து எளச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. என் கால்ல ப்ரோத்தார் மாட்டிவிட்டதே நீங்கதான்."

அவர் வடகத்தைப் புரட்டிப் போட்டார். அந்த வேலையை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"மாட்டிவிட்டேன்தான்" என்றார். "பாப்பாவ தூக்கிக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வருவேன்னு நெனச்சேன். இப்ப ஞாயித்துக்கிழம நான் எழுந்தா வீட்ல நீ இல்ல. என்னவிட அந்தக் கிழவியோடதான் ஜாஸ்தி இருக்க. வந்தாலும் நீ வேற எங்கயோ இருக்கற மாதிரி சிரிக்கற. உன்ன இங்க கொஞ்ச நாள் விட்டுட்டுப் போங்கன்னு அத்தை கேட்டப்ப, சரி, அதுவும் நல்லதுதான்னு பட்டுச்சு."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வந்திருப்பியா?"

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறதோ என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். ஞாயிறு காலை அவருக்குத் தோசை வார்த்து மூடி வைத்துவிட்டுத்தான் போனேன். அது போதாதா? குழந்தையைச் சில நாள் அவரிடம் விட்டுப் போனேன். அவர் அப்பாதானே? நான் அதிகமாகச் சிரித்துவிட்டேனா? இப்படிக் கேட்டுக்கொள்ளும்போதே இன்னொன்றும் தோன்றுகிறது. அம்மனுக்குப் பயந்து அம்மா செய்ததை என்னால் மன்னிக்க முடியும். ஆனால் அந்தப் பயம் பொய் என்று சிவாவுக்குத் தெரியும். என் மோதிரம் சுழலத் தொடங்கியதை முதலில் கவனித்ததே அவர்தான். தெரிந்தும் அதைப் பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று தடவி வளர்த்திருக்கிறார்.

சிவா போய்விட்டார். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது, "உனக்கு வரணும்னா வா, டிக்கெட் போட்டுடலாம், யார் தடுத்தா?" என்றார். யாரும் தடுக்கவில்லை என்பது உண்மை. என் பாஸ்போர்ட் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. பீரோவைப் பூட்டுவதில்லை. பிர்கித்தா போனில் கூப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்று கவலையோடு கேட்டார். எனக்கு உடம்பு சரியில்லை என்று சிவா அவரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றுமில்லை என்று விளக்க முயன்றேன். என் ஸ்வீடிஷுக்கு அம்மனும் வெல்லமும் தராசும் எட்டவில்லை. தெய்வத்துக்கு என் எடையைக் கொடுத்தோம் என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர், "உனக்காக நம் சுற்றை நான் நடக்கிறேன்" என்றார்.

அம்மாவிடமும் ஒருநாள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். அம்மன் எடுக்கவில்லை, நானே நடந்து குறைத்தது என்று.

"நடந்தா எளச்ச? உங்கப்பா வேங்கிக்கால்லருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆயுசு பூரா நடந்தாரு. எளச்சாரா?"

"அப்பா நடந்துட்டு வந்து ஆறு தோச சாப்டுவாரும்மா."

அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் என் கன்னத்தைத் தடவி, "இப்ப கொஞ்சம் தேறியிருக்க. ஆத்தா கைய எடுத்துட்டா" என்றார். அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் நாலு வருடமாகப் பார்த்ததில்லை.

இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் தொடர்ந்து நடந்து இப்படியே இருந்தால், அம்மன் இன்னும் விடவில்லை என்று அம்மா மறுபடி பயப்படத் தொடங்குவார். இன்னொரு வேண்டுதல் வைப்பார், தூக்கம் கெடும். நடப்பதை விட்டு, கொடுப்பதைச் சாப்பிட்டுப் பழையபடி பருத்தால் அம்மாவுக்கு நிம்மதி. சிவாவுக்கும் ஞாயிறு காலையில் மனைவி வீட்டில் இருப்பாள். என் உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும் அது யாருக்கோ சாட்சி சொல்கிறது. எனக்காக அது ஓடிய ஒரே இடம் அந்த ஏரிச் சரிவுதான்.

ஆனாலும் இன்று காலையும் போனேன். அம்மா எழுமுன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். என் கைப்பையில் இன்னும் ஸ்வீடனின் ரெஃப்லெக்ஸ் தொங்குகிறது. இருட்டில் வண்டிக்காரர்கள் பார்ப்பதற்காக அங்கே எல்லோரும் கோட்டில் மாட்டிக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் மின்னும் சிறிய பட்டை அது. விடியாத கிரிவலப் பாதையில் பின்னால் வந்த பேருந்தின் வெளிச்சம் பட்டு அது பளிச்சென்று எரிந்தது. பேருந்து நின்றது. நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏறும்மா, காலு வலிக்கப் போவுது" என்றார். வேண்டாம் என்று கையசைத்தேன். "வேண்டுதலா? அப்ப சரி, போயிட்டு வா" என்று சொல்லி விசில் அடித்தார். நான் மறுக்கவில்லை. வெறுங்காலில் ஊர்ச் சரளைக் கல் குத்தியது. அங்கே விடிந்ததும், ஓட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கும் காட்டில் பிர்கித்தா எனக்கும் சேர்த்து நடப்பார் என்று நினைத்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் என்னைப் போல வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள். பெண்ணைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வீடியோவில் அவள் முகத்தை எடை போடும் தாய்மார்களும் இருப்பீர்கள். இருவரையும் கேட்கிறேன். பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு செப்டம்பருக்குள் நான் திரும்பிவிட வேண்டுமா? போனால், என் உடம்பைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் பேசிய அந்த வீட்டுக்குள் எப்படிச் சிரித்துக்கொண்டு நுழைவது? இல்லை, அம்மாவின் நிம்மதிக்காகத் தீபம் வரை இருந்து கொஞ்சம் பருத்துக் காட்டுவதுதான் மகளின் கடமையா? எனக்கு எழுதுங்கள். அதற்குமுன், என் மகள் இன்று மதியம் மறுபடி அந்தப் படத்தின் முன்னால் நின்று கேட்டால் நான் என்ன சொல்வது என்பதையாவது யாராவது சொல்லுங்கள்.